வெள்ளிக்கிழமை கேக்கின் கடைசித் துண்டு

ஜன்னலோரத்து நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம். அதற்கு ஒரு கால் ஆடும். பதினொரு வருஷத்துக்கு முன்பே கட்டடப் பராமரிப்புக்கு எழுதிப் போட்டேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. பரிசீலனை என்றால் நேரமாகும்தானே. இதில் உட்காருங்கள். காபி அந்தக் குடுவையில் இருக்கிறது, சூடாக.

உங்கள் வரைவு அறிக்கையை இரண்டு முறை படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. நாற்பத்திரண்டு பக்கத்தில் 'குற்றம்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை, தேடிப் பார்த்தேன். 'நடைமுறைப் போதாமை' என்று ஒன்பது இடத்தில் இருக்கிறது. யார் மனமும் கோணாமல் எழுதுவது ஒரு கலை. பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். ஆனால் பதினான்காம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் உங்களிடம் அரைமணி நேரம் கேட்டேன்.

அங்கே இப்படி எழுதியிருக்கிறீர்கள். பெக்தூர் என்ற பரிமாற்ற மாணவர் பத்து மாதமாகச் சேர்த்த நானூற்றுப் பன்னிரண்டு பாசி மாதிரிகளின் லேபிள்கள், கடுங்குளிரில் பசை விட்டுப்போனதால் உதிர்ந்துவிட்டன. பெயர் இல்லாததால் துப்புரவு நாளன்று விதிப்படி அவை எரி உலைக்குப் போயின. இதில் தனி நபர் எவருக்கும் பொறுப்பு இல்லை.

பசை விட்டுப்போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஏழு கம்பெனிகளின் லேபிள்களை வாங்கி, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் ஒரு குளிர்காலம் முழுக்க வைத்துப் பார்த்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவள் நான். அதற்குப் பிறகு இந்தத் துறையில் ஒரு லேபிள்கூடத் தானாக விழுந்தது கிடையாது. முப்பத்தோரு வருஷம் ஆய்வக இன்ஜினியராக இருந்துவிட்டு, ஓய்வு பெறப்போகும் வருஷத்தில் என் பசை மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. எப்படி நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முதலில் கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் துறையில் வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஃபீக்கா. பதினாறு பேர், ஒரே மேஜை, காபியும் கேக்கும். வாரத்துக்கு ஒருவர் முறைவைத்து கேக் கொண்டுவர வேண்டும். பட்டியல் என் பொறுப்பு. துறைத் தலைவர் டோர்கெலுக்கும் முறை உண்டு. அவர் கடையில் வாங்கி, பெட்டியை ஒளித்துவிட்டு, ஓரத்தைக் கொஞ்சம் பிய்த்து வீட்டில் செய்த மாதிரி ஆக்கிக் கொண்டுவருவார். பதினைந்து பேருக்கும் அது தெரியும். ஒருவரும் காட்டிக்கொண்டதில்லை. நாகரிகம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. இது எங்கேயும் எழுதிவைத்த விதியல்ல, எழுதிவைக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. தட்டில் ஒன்று மட்டும் மிஞ்சும்போது டோர்கெல், "யாராச்சும் எடுத்துக்கங்களேன்" என்பார். பூஞ்சை ஆராய்ச்சி செய்யும் இங்வே, "ஐயோ, எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு" என்பார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே. சில சமயம் யாராவது துணிந்து அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுப்பதுண்டு. பிறகு இன்னொருவர் பாதியில் பாதி. இங்வே ஒரு தடவை நான்கு முறை வெட்டினார். கடைசியில் தட்டில் இருந்தது தபால்தலை அளவு. அப்போதும் அதை அவர் எடுக்கவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

மற்றபடி முழுத் துண்டு அப்படியே நிற்கும். மூன்றரைக்கு எல்லாரும் கலைந்ததும் தட்டு கோப்பைகளை நான் கழுவிவைப்பேன். மிஞ்சியதைக் குப்பையில் போட மனசு வராது. மெழுகுத் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். என் கணவர் ரூனே ஒரு படகு வாங்கிக்கொண்டு தெற்கே போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலை பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை நீட்டி, ரேடியோவைப் போட்டு, அந்தத் துண்டைச் சாப்பிடுவேன். இது வெறும் சிக்கனம். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன வருஷம் ஆகஸ்ட்டில் பெக்தூர் வந்தான். கிர்கிஸ்தானில் காரகோல் என்ற ஊர். இருபத்தாறு வயது, கனத்த தோள், சிரித்த முகம். எங்கள் நாட்டில் ராஜாவைத் தவிர எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவனுக்கு அது நாக்கில் வரவில்லை.

"உங்களை எப்படிப் பேர் சொல்றது? எங்க அம்மாவுக்கே நீங்க மூத்தவங்களா இருப்பீங்க. மைவோர் எஜேன்னு கூப்பிடறேன்."

"எஜேன்னா?"

"அக்கா."

"அம்மாவுக்கே மூத்தவள்னு சொல்லிட்டு அக்காங்கறியே."

"அதான் எஜே மரியாதை. வயசை நாங்க கண்டுக்கிறது இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் யாரையும் காரணமில்லாமல் வெறுப்பவள் இல்லை.

அவன் வேலை பாசி. வடக்கே, கோடையிலும் மண் முழுதாக உருகாத ஒரு சதுப்பு இருக்கிறது. பனிக்கு அடியில் கிடக்கும் பாசி அங்கே எப்படி உயிரோடு இருக்கிறது என்பது அவன் கேள்வி. அதற்கு முதல் உறைபனியிலிருந்து கடைசி உருகல் வரை, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, அதே இடத்தில் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் மறுவருஷம் அதே நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவனுக்கு அவன் பல்கலைக்கழகம் கொடுத்திருந்தது ஒரே ஒரு வருஷம். மாதிரிகள் முழுசாகச் சேர்ந்துவிட்டால் ஜூலையில் இங்கேயே முனைவர் பட்டத்துக்கு ஓர் இடம் கிடைக்கும் என்று டோர்கெல் அவனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதாவது, "ரொம்ப நல்லா அமையலாம்" என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அது சத்தியம் பண்ணுவதற்குச் சமம்.

மைனஸ் முப்பதில் பனிச்சறுக்குக்கட்டை மாட்டிக்கொண்டு போவான். மீசையில் பனி கட்டித் திரும்புவான். வந்ததும் வராததுமாக, மாதிரிகள் அடைத்த குழாய்களை என் மேஜையில் பரப்புவான். நான் லேபிள் அடித்துத் தருவேன். அவன் பெயரையும் தேதியையும் நானூற்றுப் பன்னிரண்டு தடவை அடித்தவள் நான். ஆறு அட்டைப்பெட்டிகள் நிறைந்தன. அந்த ஆறு பெட்டியில்தான் அவன் வருஷமும் அவன் முனைவர் இடமும் இருந்தன. அது எனக்கு அன்றைக்கும் நன்றாகத் தெரியும்.

அவன் வந்த முதல் வெள்ளிக்கிழமை இங்வேயின் ஆப்பிள் கேக். வழக்கம்போல ஒரு துண்டு மிஞ்சியது. டோர்கெல் எடுத்துக்கொள்ளச் சொன்னார், இங்வே வயிறு நிறைந்துவிட்டது என்றார். பெக்தூர் மேஜையைச் சுற்றி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

"இது நெஜமாவே யாருக்கும் வேண்டாமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றோம் பதினைந்து பேரும்.

எடுத்தான். மூன்று வாயில் சாப்பிட்டான். காபியை ஊற்றிக் குடித்தான். "ரொம்ப நல்லா இருந்துச்சு, இங்வே" என்றான். யாரோ கரண்டியைக் கோப்பையில் வைத்தார்கள். புதியவன், பசியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போனோம். நான் வெறும் தட்டைக் கழுவினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். ஒவ்வொரு தடவையும் கேட்பான், ஒவ்வொரு தடவையும் நாங்கள் வேண்டாம் என்போம், அவன் எடுத்துக்கொள்வான்.

நாங்கள் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அக்டோபரில் பெருமூச்சு விட்டுப் பார்த்தோம். நவம்பரில் காபி அறைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். 'ஒருவரை ஒருவர் நினைத்துப் பார்ப்போம்' என்று எழுதி, அடியில் ஒரு சிரிக்கும் முகமும் வரைந்திருந்தேன். இதைவிடக் காரமாக நான் எழுதியதில்லை. பெக்தூர் அதை நின்று படித்தான். செல்போனில் படமெடுத்தான்.

"எங்க அம்மாவுக்கு அனுப்பறேன், எஜே. இந்த ஊர் ஆளுங்க எவ்வளவு நல்லவங்கன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

அன்றைக்கும் கடைசித் துண்டை அவன்தான் சாப்பிட்டான்.

டிசம்பரில் அவனிடம் நேரில் பேசுவது என்று முடிவானது. யார் பேசுவது என்று தீர்மானிக்க மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் இங்வே தலையில் விழுந்தது. அவர் அவனை உறைந்த ஏரி வழியாக நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரம் கழித்து மூக்கு சிவந்து திரும்பினார்.

"சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறது பத்திப் பேசினோம். அவன் புரிஞ்சுக்கிட்டிருப்பான்னு நினைக்கிறேன்" என்றார்.

ஜனவரியில் 'காபி நேரப் பண்பாட்டுப் பணிக்குழு' அமைத்தோம். நான் செயலாளர். பெக்தூரும் உறுப்பினர், ஏனென்றால் யாரையும் விலக்கக் கூடாது. மூன்று கூட்டம் நடந்தது. ஆள் கணக்கைவிட ஒரு துண்டு கூடுதலாகக் கேக்கை வெட்டுவது என்று ஒருமனதாக முடிவு செய்தோம். அவன்தான் முதலில் கை தூக்கினான். அந்த வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒன்று போக ஒன்று மிஞ்சியது. அவன் அதைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தான். பிறகு எடுத்துச் சாப்பிட்டான்.

அவன் முறை வந்தபோது அவன் கொண்டுவந்ததையும் சொல்ல வேண்டும். போர்சோக் என்று எண்ணெயில் பொரித்த சின்னச் சின்ன மாவுத் துண்டுகள். ஒரு துணியை விரித்து மேஜை மேல் மலையாகக் கொட்டினான். ஒருவருக்கு எத்தனை என்றே கணக்கு இல்லை. எங்களில் பாதிப் பேர் நான்கோடு நிறுத்திக்கொண்டார்கள், மீதிப் பேர் எழுந்து போகும் வரை சாப்பிட்டார்கள். கடைசித் துண்டு என்று ஒன்று வரவே இல்லை. மிஞ்சியதை அவன் எல்லார் கோட்டுப் பையிலும் திணித்தான். டோர்கெல் அன்று மாலை தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏப்ரலில் என் முறை. ஏலக்காய் வளையம் செய்தேன். முந்தின நாளே மாவு பிசைந்து, ஏலக்காயைக் கையாலேயே இடித்து, பின்னல் போலப் பின்னிச் சுட்டது. ஓய்வு பெறும் முன் அது என் கடைசி முறைகளில் ஒன்று. பதினேழு துண்டு வெட்டினேன், பணிக்குழு முடிவுப்படி. எனக்கு வந்தது மெலிந்த ஓரத் துண்டு. மிஞ்சி நின்றது நடுவில் நன்றாக உப்பியிருந்த துண்டு. மூன்றரை ஆக இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. அவன் அந்தத் துண்டை எடுத்தான். நெஞ்சில் கை வைத்து, எல்லார் முன்னாலும், "எஜே, உங்க கைக்கு ஈடே கிடையாது" என்றான்.

அன்று மாலை வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சமையல் மேடையில் மாவு சிந்திக் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. எனக்கு மட்டும் ஒன்று சுட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். தங்களுக்கென்று கேக் சுடுகிற பெண்களை எனக்குத் தெரியும். அந்த நிலைமைக்கு நான் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. கோபம் வந்தால் நான் சத்தம் போடுவதில்லை, எதையாவது சுத்தம் செய்வேன்.

மே மாதப் பாதியோடு மாதிரி எடுக்கும் வேலை முடிந்தது. சதுப்பில் நட்டிருந்த கம்பிகளைப் பிடுங்கி இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு வர அவன் இரண்டு வாரம் வடக்கே போனான். ஜூன் முதல் வெள்ளிக்கிழமை துறையின் வருடாந்தரத் துப்புரவு நாள். பெயர் இல்லாத பொருளுக்கு உரிமையாளர் இல்லை, அதை எறியலாம் என்பது எங்கள் விதி. இருபத்தாறு வருஷத்துக்கு முன் எல்லாரும் கை தூக்கி நிறைவேற்றியது. நல்ல விதி. அதற்கு முன் ஃப்ரீசரைத் திறந்தால் யாருடையதோ ஒரு கொக்கு இருக்கும்.

லேபிள்களை மதிய இடைவேளையில் உரித்தேன். அலுவலக நேரத்தில் சொந்த வேலை செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு நாளைக்கு நாற்பத்தாறு குழாய், ஒன்பது நாள், கடைசி நாள் மட்டும் நாற்பத்து நான்கு. பெட்டியின் மேல் இருப்பதை மட்டும் உரித்தாலே போதும். ஆனால் அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. உலர்பனிக் கட்டி நிரப்பிய தட்டில் குழாய்களை அடுக்கிக்கொண்டுதான் செய்தேன். மாதிரிகள் உருகிக் கெட்டுப்போனால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அவன் எவ்வளவு பாடுபட்டு எடுத்தது. எரிசாராயத்தில் நனைத்த பஞ்சு, சின்னக் கத்தி, பிறகு நகம். அந்தப் பசை என்னோடு மல்லுக்கு நின்றது. இரண்டு கட்டைவிரல் நகமும் உடைந்துபோயிற்று. இதோ, இந்த உறைக்குள் எல்லாம் இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள். பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் ஒட்டுகிறதா, இல்லையா? பதினான்காம் பக்கத்தைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

துப்புரவு நாளுக்கு முன் விதிப்படி மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், அவரவர் பொருளில் பெயர் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மற்ற யாரும் பதில் போடுவதில்லை. பெக்தூர் மட்டும் வடக்கிலிருந்து போட்டிருந்தான். 'எஜே, எனக்கென்ன கவலை? என் குழாய் எல்லாத்துலயும் நீங்க ஒட்டின லேபிள் இருக்கு.' அதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் ஏழு நாள் வேலை முடிந்திருந்தது.

அவன் வியாழக்கிழமை மாலை திரும்பினான். வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டு ஃப்ரீசர் அறையில் கூடினோம். டோர்கெல் ஏப்ரன் கட்டியிருந்தார். பெயரில்லாத ஒவ்வொன்றையும் நான் உயரத் தூக்கிக் காட்டி, இது யாருடையது என்று மூன்று முறை கேட்பது வழக்கம். பழைய சாம்பல் நிறக் கிண்ணங்கள் போயின. இங்வேயின் மீன் ஒன்று போயிற்று. பிறகு ஆறு வெள்ளை அட்டைப்பெட்டிகள். துறையில் எல்லாருடைய பெட்டியும் வெள்ளைதான்.

மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவனைப் பார்த்தே கேட்டேன். எனக்குக் குறுக்கு வழி பிடிக்காது.

அவன் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். வெறும் குழாய்கள், ஒன்றிலும் எழுத்து இல்லை.

"பாவம். யாரோ உசுரைக் குடுத்து எடுத்திருக்காங்க. ஒரு பேரு எழுதி வைக்கக் கூடாதா?" என்றான்.

"இப்படித்தான் சில பேரு. அப்போ எறிஞ்சிடலாம்னு எல்லாரும் ஒத்துக்கறோமா?" என்றார் டோர்கெல்.

எல்லாரும் ஒத்துக்கொண்டோம். பெக்தூரும் தலையாட்டினான். ஆறு பெட்டியும் ஒரு கறுப்புப் பையில் போயிற்று. பை கனமாக இருந்தது. எனக்கு முழங்கால் வலி.

"குடுங்க எஜே, நான் கொண்டுபோறேன்" என்றான்.

கொடுத்தேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடி எரி உலைக் கட்டடம் வரை நடந்தான். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். இரண்டரைக்கு ஃபீக்கா. அன்று ஸ்ட்ராபெரி கேக். கடைசித் துண்டை யார் சாப்பிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அவன் ஃப்ரீசரில் தன் அடுக்கைத் திறந்து பார்த்தான். முதலில் இடம் மாற்றி வைத்திருப்பார்கள் என்று நினைத்தான். நான்கு ஃப்ரீசரையும் மதியம் வரை அலசினான். என்னையும் தேடச் சொன்னான். நானும் மண்டியிட்டுக் கூடவே தேடினேன், உதவி கேட்டால் மறுக்கிற வழக்கம் எங்கள் துறையில் கிடையாது. பன்னிரண்டு மணி வாக்கில் அவன் தேடுவதை நிறுத்தினான். தரையில் உட்கார்ந்தான். கையுறையைக் கழற்றக்கூட இல்லை.

"அந்தப் பையை நான்தானே தூக்கிட்டுப் போனேன், எஜே" என்றான்.

அவனுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் எவ்வளவு அன்பாக நடந்துகொண்டார்கள் என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. ஒருவரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. ஒருவரும் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. டோர்கெல் அவன் தோளில் கை வைத்தார், அது அவர் தன் மகன்களுக்கே செய்யாதது. முனைவர் இடத்தைப் பற்றிக் கேட்டபோது, "இப்போதைக்கு அமையல போல இருக்கு" என்றார். அந்த இடம் ஆகஸ்ட்டில் வேறொருவருக்கு அமைந்தது. லேபிள் நடைமுறைகளை ஆராய ஒரு பணிக்குழு போட்டார்கள். நான் செயலாளர்.

பெக்தூர் ஜூன் கடைசியில் கிளம்பினான். கோடை விடுமுறை தொடங்கிவிட்டதால் துறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். வழியனுப்பாமல் விட்டால் நன்றாக இருக்காது என்று சின்னதாக ஓர் ஏலக்காய் வளையம் செய்தேன். மூன்று துண்டு. அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, வழக்கத்துக்கு ஒன்று. இந்த மேஜையில்தான் உட்கார்ந்தோம். அவரவர் துண்டைச் சாப்பிட்டோம். மூன்றாவது துண்டு தட்டில் இருந்தது. அவன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"எஜே, இன்னைக்கு ஒரு நாள் இதை விட்டுடட்டுமா? தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?"

"எதுக்குக் கேக்கறே?"

"எனக்கு இனிப்பே ஆகாது. சின்ன வயசிலேருந்து."

"பத்து மாசமாச் சாப்பிட்டியே."

"எங்க அம்மா பேக்கரி வச்சிருக்காங்க. சாயந்தரம் தட்டுல ஒண்ணே ஒண்ணு மிஞ்சினாலும் அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இதுல என்ன குறை வச்சேன்னு கேப்பாங்க. அவங்க பார்க்கறதுக்குள்ள நான் தின்னுடுவேன். இங்க வந்தா வாராவாரம் ஒண்ணு மிஞ்சுது. எல்லாரும் அதையே பார்க்கறீங்க, ஒருத்தரும் தொட மாட்டேங்கறீங்க. செஞ்சவங்க மனசு என்ன பாடுபடும்? அதான் காபியை ஊத்தி ஊத்தி முழுங்கினேன். உங்களோடதை மட்டும் ரெண்டு கோப்பை ஊத்தி முழுங்கினேன், எஜே. நீங்க அதுக்கு ரொம்ப மெனக்கெட்டிருந்தீங்க."

இவ்வளவு மனம்விட்டுப் பேசுகிறவனிடம் நாமும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று பட்டது. அதனால் அவனிடம் உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை, அதுதான் வழக்கம் என்று சொன்னேன். லேபிள் விஷயத்தைச் சொல்லவில்லை, அதைப் பணிக்குழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

அவன் திரும்பிச் சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்தான்.

"அப்போ அந்த நோட்டீஸு... மூணு கூட்டம்... இங்வே என்னைக் கூட்டிட்டுப் போனது. அதெல்லாம் எனக்காகவா?"

"உனக்குன்னு இல்லை. பொதுவாத்தான்."

அவன் எழுந்து நின்றான். முகம் சிவந்துவிட்டது.

"பத்து மாசம். பதினஞ்சு பேரு. ஒருத்தர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்களுக்கெல்லாம் வாயே கிடையாதா?"

குரலை உயர்த்தித்தான் சொன்னான். தாழ்வாரம் வரை கேட்டிருக்கும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். இந்த அறையில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. கதவு வரை போனவன் திரும்பி வந்து, "மன்னிச்சுக்கங்க எஜே" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

அவ்வளவுதான். பதினான்காம் பக்கத்தில் பசை என்று இருப்பதை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழே ஒரு வரியும் சேர்க்க வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் இந்தத் துறையில் ஒருவர் மற்றொருவர் மனதைப் புண்படுத்தியது அந்த ஒரே ஒரு தடவைதான், அதைச் செய்தவர் எங்களில் ஒருவர் அல்ல.